இதுவே போதும் என்று எழுதினோம்

1990 ஜனவரி 1, திங்கள்

புது டைரி. முதல் பக்கத்தில் உரிமையாளர் விவரம் கேட்டிருக்கிறார்கள். பூங்கோதை, வயது முப்பத்தாறு, கணக்கு டீச்சர், செல்வபுரம், கோயம்புத்தூர். ரத்த வகை தெரியாது. அவசரத்துக்கு யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற இடத்தில் சுகந்தி என்று எழுதிவிட்டு அடித்தேன். என் தங்கைக்குப் பேச்சு கிடையாது, நடையும் கிடையாது. அவளிடம் தெரிவித்து என்ன ஆகப்போகிறது?

பிரசவத்தில் மூளைக்குப் போகவேண்டிய காற்று போகவில்லை என்றார்கள். இப்போது இருபத்தொன்பது வயது. உடம்பு முழுவதிலும் வலது சுட்டுவிரல் ஒன்றுதான் அவள் சொன்னபடி கேட்கும். அந்த விரலுக்காகத்தான் அம்மா இறந்த வருஷம் குருவி வாங்கினேன். பீளமேட்டுக் கம்பெனி செய்யும் வீட்டுக் கம்ப்யூட்டர். டிபன் டப்பா அளவுக்கு ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். டிவியில் சொருகி, டேப்ரிக்கார்டரில் கேசட் போட்டால் நாலு நிமிஷத்தில் புரோகிராம் ஏறிவிடும். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு தமிழ் எழுத்தாக வரைந்து, சுகந்தி அடிப்பது டிவியில் தெரிகிற மாதிரி நானே ஒரு புரோகிராம் எழுதினேன். அவள் முதலில் அடித்த வார்த்தை 'உப்பு'. இருபத்தாறு வருஷமாக அவளுக்கு ஊட்டிய ரசத்தில் உப்பு அதிகமாம்.

இப்போதெல்லாம் இரண்டு எழுத்து அடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிடும். மீதியை நானே சொல்லிவிடுவேன். அவளுக்கும் சிரமம் மிச்சம்.

ஜனவரி 7, ஞாயிறு

குருவி வாங்கியவர்கள் சேர்ந்து நடத்தும் குருவி சங்கத்தின் மாதக் கூட்டம். அறுபது பேர். செயலாளர் என்கிற முறையில் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தை வாசித்தேன். பிப்ரவரி 4 அன்று எம்.டி. சென்னியப்பன் நேரில் வந்து கம்பெனியின் வருங்காலத் திட்டங்களைச் சொல்லப்போகிறார். பத்திரிகைகளுக்கு முன்னால் எங்களுக்கு. ஒரே கைதட்டல். கலர் வரும் என்கிறார் ஒருவர், கேசட்டுக்குப் பதில் டிஸ்க் என்கிறார் இன்னொருவர். ஒப்பணக்காரத் தெருவில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் காஜா மைதீன் அண்ணன் மட்டும், "பேர் என்ன வெப்பாங்க டீச்சர்? குருவிக்கு அடுத்தது கொக்கா?" என்றார்.

போன நவம்பரில் கம்பெனி கேட்டதற்காக உறுப்பினர்களிடம் ஒரு படிவம் கொடுத்துக் கருத்து வாங்கி அனுப்பினேன். அதன் பலன்தான் இது. இருநூற்றுப் பன்னிரண்டு படிவம். தொகுப்பு அறிக்கை மட்டும் மூன்று பக்கம் எழுதியிருந்தேன்.

ஜனவரி 20, சனி

கம்பெனி இன்ஜினியர் தெய்வசிகாமணி வந்தார். சுகந்தி விரலை அழுத்திக் குத்துவதால் கீபோர்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாள் ஆறேழு மாதத்தில் கிழிந்துவிடும். தாளில் கோடு கோடாக மின்சாரம் ஓடுகிறது, கிழிந்தால் எழுத்து செத்துவிடும். புதுத் தாளைக் கடையில் கொடுத்தனுப்பினாலே போதும், ஆனாலும் அவரே நேரில் வந்து மாற்றுவார். இன்றைக்கு ஒன்றுக்குப் பதில் ஐந்து தாள் கொண்டுவந்தார்.

"எதுக்குங்க இத்தனை?"

"இருக்கட்டுமுங்க டீச்சர். கெடைக்கறப்ப வாங்கி வெச்சுக்கோணும்."

நல்ல மனுஷன். நாற்பது வயதிருக்கும். மனைவி இறந்து ஐந்து வருஷம் என்று யாரோ சொன்னார்கள். நான் காப்பி போடும் வரை சுகந்தி அடிக்க, அவர் டிவி முன்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். தம்ளரோடு வந்தபோது திரை துடைத்த மாதிரி காலியாக இருந்தது. வழக்கமாக அழிக்கமாட்டாள்.

நீலச் சேலை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் வந்தபோது வேறொன்றை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதனால் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 3, சனி

எம்.டி.யிடம் கேட்கப் பதினான்கு கேள்விகள் தயார். அரிசி ஊறப்போட்டேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் நடந்தது என்று எனக்கே உறைக்கும்.

எம்.டி. சென்னியப்பன் பத்தரைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி. மாலையை வாங்கி மேஜைமேல் வைத்தார், போட்டுக்கொள்ளவில்லை. தெய்வசிகாமணி பின்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கம்பெனி ஆட்கள் முன்னால்தானே உட்காருவார்கள் என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

"சுத்திவளைக்கலீங்க," என்று ஆரம்பித்தார் எம்.டி. "மார்ச் முப்பத்தொண்ணோட குருவியை நிறுத்தறோம். இனி கடைங்களுக்கு பில் போடற மெஷின்தான் செய்யப்போறோம். குருவிக்கு உதிரி பாகமும் அதுக்கப்புறம் கெடையாதுங்க. அதைச் செய்யற மெஷின் லைனையே பிரிச்சுடறோம்."

யாரோ கையிலிருந்த பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். அது நான்தான் என்று பிறகு தெரிந்தது.

காஜா அண்ணன்தான் எழுந்தார். "ஏனுங்க? எங்களுக்கு இது பிடிக்காமப் போச்சுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"பிடிச்சிருக்குன்னுதானுங்க சொன்னீங்க. அதுதான் விசயமே." கோப்பைத் திறந்தார். நீல மையில் என் கையெழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது. "உங்க செயலாளரம்மா எழுதினதையே படிக்கறேன். 'உறுப்பினர்களில் நூற்றுத் தொண்ணூறு பேர் ஒரே குரலில் சொல்வது: எங்களுக்கு இதுவே போதும். வேறொரு கம்ப்யூட்டர் எங்களுக்குத் தேவைப்படாது.'"

கோப்பை மூடினார்.

"ஆயுசுக்கும் ஒண்ணு போதும்கறவங்களுக்கு ரெண்டாவதை நான் எப்படீங்க விக்கறது? புதுசா வாங்கறவங்களும் கொறைஞ்சு போச்சு. நூத்தி நாப்பது பேருக்கு வேலை குடுக்கோணும். தப்புன்னா சொல்லுங்க."

அறுபது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை.

அந்த வாக்கியத்தை எழுதியபோது அழகாக வந்திருக்கிறது என்று சுகந்தியிடம் வாசித்துக்கூடக் காட்டினேன்.

பிப்ரவரி 5, திங்கள்

பள்ளிக்கூடம் போனேன். ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்தினேன். என்ன பாடம் என்று நினைவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஐந்து தாள். ஒரு தாளுக்கு ஆறரை மாதம். கீபோர்டில் இருப்பதையும் சேர்த்தால் மூன்றேகால் வருஷம். சுகந்திக்கு அப்போது முப்பத்திரண்டு.

கேஸ் சிலிண்டர் வந்தது. கூட்டத்தில் நடந்ததை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 8, வியாழன்

மாலை ஐந்து மணிக்குத் தெய்வசிகாமணி வந்தார். கேட்டைத் திறக்காமல் உள்ளே நின்றுகொண்டே பேசினேன்.

"அஞ்சு தாள் கொண்டாந்தப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியுமுங்க."

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணலை."

அவர் புரியாமல் பார்த்தார். "சொன்னேனுங்களே டீச்சர். அன்னைக்கே சொல்லிட்டேனே. சுகந்திகிட்ட."

சைக்கிளில் ஒரு கீரைக்காரி போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவங்க உங்ககிட்டச் சொல்லலீங்களா?" என்றார் மறுபடியும். "'நானே சொல்றேன், நீங்க சொல்ல வேண்டாம்'னு அடிச்சாங்க. சரீன்னு விட்டுட்டேன். கூட்டத்துல உங்க மொகத்தைப் பாத்தப்பத்தான் சந்தேகம் வந்துச்சு. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அவரைப் போகச் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். சுகந்தி குருவி முன்னால்தான் இருந்தாள். ஜன்னல் வழியே எல்லாம் கேட்டிருக்கும்.

"தெரியுமா உனக்கு? பத்தொம்பது நாளா தெரியுமா?"

அவள் அடித்தாள். தெரியும்.

"நான் முட்டாள் மாதிரி பதினாலு கேள்வி எழுதிட்டிருந்தேன். நீ பாத்துட்டே உக்காந்திருந்தியா?"

மறுபடி அடித்தாள். அக்கா. சொல்லாததற்குக் காரணம்

அந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது. டிவி அணைந்தது. கேசட்டை மறுபடி ஏற்றத் தெம்பில்லை. மேஜைமேல் இருந்த திருத்தாத விடைத்தாள்கள் ஃபேன் காற்றில் பறந்துகொண்டிருந்தன. பொறுக்கி அடுக்கி, சாதம் வடித்தேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

கேசட் ஏற்றிக் கொடுத்தேன். சுகந்தி கீபோர்டைத் தொடவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்றும் தொடவில்லை. தலைக்கு ஊற்றிவிட்டேன், சடை போட்டேன். கண்ணு, காப்பியா பாலா என்றேன். சுவரைப் பார்த்தாள். முன்பெல்லாம், குருவி வருவதற்கு முன்னால், கண்ணாலேயே பதில் சொல்வாள். அதையும் நிறுத்திவிட்டாள்.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் தங்காயம்மா கேட்டாள், "பாப்பாளுக்கு என்னாச்சுங்? மூணு நாளா அந்தப் பொட்டியில ஒரெழுத்தும் காணமே." மெஷின் ரிப்பேர் என்றேன்.

பிப்ரவரி 14, புதன்

அரைநாள் லீவு போட்டுக்கொண்டு பீளமேடு போனேன். எம்.டி.யைப் பார்க்க முடியவில்லை. வாசலில் தெய்வசிகாமணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பேசக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

"நீங்க காப்பி போடப் போறப்பெல்லாம் அவகிட்ட என்னங்க பேசுவீங்க?" என்று கேட்டுவிட்டேன். எதற்காக அதைக் கேட்டேனோ.

"பேசறது அவங்கதானுங்க. நான் படிப்பேன், அவ்வளவுதான்." சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஒரு வரி முடிய மூணு நிமிசமாகுமுங்க. முடியற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். அது அவங்களுக்குப் புடிச்சிருக்கும்போல."

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

பிப்ரவரி 17, சனி

எட்டாம் தேதி எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. கரண்ட் போகவில்லை. சுவிட்சை அணைத்தது நான்.

அவள் 'காரணம்' என்று அடித்து அடுத்த எழுத்துக்கு விரலைத் தூக்கியபோது, எனக்கு அந்தக் காரணம் வேண்டாம் என்று தோன்றியது. கை சுவிட்சுக்குப் போனது. அணைந்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு விரலை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த விரலை இறக்கிய விதத்தை இந்த ஒன்பது நாளாகத் தினமும் பார்க்கிறேன்.

கோபத்தில் ஒருத்தி இன்னொருத்தியை அறைவாள். நான் அறைந்திருக்கலாம்.

இன்று காலை அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து சொன்னேன். "கரண்ட் போகலை கண்ணு. நாந்தான் அமத்தினேன்." அவளுக்குத் தெரியாததா? ஆனால் நான் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது போலிருக்கிறது. ரொம்ப நேரம் கழித்து டேப்ரிக்கார்டரைப் பார்த்தாள். கேசட் போட்டேன். நாலு நிமிஷம் இருவரும் அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தோம்.

விட்ட இடத்திலிருந்தே அடித்தாள். நான் எதையும் முடித்துக் கொடுக்கவில்லை. வாய் வரை வந்த வார்த்தைகளை விழுங்க வேண்டியிருந்தது. அப்படி விழுங்கிய ஒன்றுகூடச் சரியாக இல்லை என்பது ஒவ்வொரு வரி முடிவிலும் தெரிந்தது.

சொல்லாததற்குக் காரணம் குருவி நின்றால் இனி வேலையில்லை என்று நீ அவரை வரவேண்டாம் என்பாய்.

நீ சந்தோஷமாக இருந்தாய். சேலை மாற்றினாய்.

எனக்கும் வேறு யார் வருகிறார்கள்.

மூன்றாவது வரியை இரண்டு தடவை படித்தேன். பிறகு, எனக்குச் சேலை மாற்றும் பழக்கம் எல்லாம் கிடையாது என்று சொன்னேன். அவள் சிரித்தாள். தோள் குலுங்கும், சத்தம் வராது.

பிப்ரவரி 25, ஞாயிறு

சுகந்தி கூட்டத்துக்கு வருவாளாம். இந்த மூன்று வருஷத்தில் அவளுக்காக நான் பேசியிருக்கிறேனே தவிர, அழைத்துப்போனதில்லை. மாடிப்படி இருக்கிறது, கூட்டம் இருக்கும், கஷ்டம் என்றேன். யாருக்கு என்று அடித்தாள்.

மார்ச் 4, ஞாயிறு

காஜா அண்ணனும் இன்னொருவரும் நாற்காலியோடு தூக்கி மாடி ஏற்றினார்கள். டிவியையும் குருவியையும் நான் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கம்பெனி சார்பில் தெய்வசிகாமணி வந்திருந்தார்.

கூட்டம் முழுக்க ஒரே புலம்பல். மந்திரிக்கு மனுக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். மிச்சமிருக்கும் தாள்களை எல்லாம் வாங்கிப் பதுக்கலாம் என்றார் ஒருவர். அந்த யோசனை ஏற்கெனவே என்னிடம் இருந்தது. பீரோவில் ஐந்து தாள் வைத்திருக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

சுகந்தி அடிக்க ஆரம்பித்தாள். முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக டிவி பக்கம் திரும்பினார்கள். அவள் விரல் எழுத்தைத் தேடும்போதெல்லாம் சபை மூச்சை அடக்கியது. எனக்குத் தெரிந்துவிட்டது, அடுத்த வார்த்தை என்ன என்று தெரிந்துவிட்டது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் நினைத்த வார்த்தை வரவேயில்லை.

தாள் கேட்காதீர்கள். தாளின் வரைபடம் கேளுங்கள். கம்பெனிக்கு அது இனி வேண்டாம். காஜா அண்ணன் தாளில் மையைக் கோடாகத்தானே அச்சடிக்கிறார்.

பிறகு, என் வீட்டில் ஐந்து இருக்கிறது. சங்கத்துக்கு.

யாரும் கைதட்டவில்லை. அதற்கெல்லாம் தோன்றவில்லை யாருக்கும். என்னைத் தவிர எல்லோரும் இவளை முதல்முறையாகப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். என்னைத் தவிர என்பதும் சரியில்லை.

காஜா அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மின்சாரம் ஓடற மை வேணும். விசாரிக்கறேன். முடியாதுன்னு சொல்றதுக்கு ஒண்ணுமில்லை."

"எம்.டி.கிட்ட நான் கேக்கறேனுங்க," என்றார் தெய்வசிகாமணி. "இல்லைன்னா எழுதிக் குடுத்துட்டு வர்றேன்." எதை எழுதிக் கொடுப்பார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

மார்ச் 19, திங்கள்

எம்.டி.யிடமிருந்து உறை. உள்ளே எட்டாக மடித்த வரைபடம், கம்பெனித் தாளில் நாலே வரி. 'எங்களுக்கு இனி இதனால் பயனில்லை. உங்களுக்கு இருந்தால் மகிழ்ச்சி. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். தெய்வசிகாமணியின் ராஜினாமாவை நான் ஏற்கவில்லை.'

மார்ச் 24, சனி

முதல் அச்சு. ஒரு எழுத்தும் வரவில்லை. மை காய்ந்ததும் வெடித்துவிட்டது.

மார்ச் 28, புதன்

இரண்டாவது அச்சு. பாதி எழுத்து வருகிறது. 'க'வைத் தொட்டால் ஐந்து 'ம' வருகிறது. சுகந்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

ஏப்ரல் 1, ஞாயிறு

நேற்றோடு குருவி நின்றுவிட்டது. கூட்டத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. காரணம், காஜா அண்ணன் மூன்றாவது தாளைக் கொண்டுவந்திருந்தார். சுகந்தி எல்லா எழுத்தையும் வரிசையாகக் குத்திப் பார்த்தாள். எல்லாம் வந்தது. திருச்சியிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் தாள் கேட்டு ஏழு கடிதம் வந்திருக்கிறது.

பிறகு நிர்வாகிகள் தேர்தல். செயலாளருக்கு வருஷா வருஷம் என் பெயரைச் சொல்வார்கள், நான் வேண்டாம் என்பேன், எழுதிக்கொள்வார்கள். இன்று "சுகந்தி" என்றார் காஜா அண்ணன். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். நான் 'வேண்டாம்' என்று சொல்ல வைத்திருந்தது வாயிலேயே நின்றுவிட்டது. கையைத் தூக்கியவர்களில் நானும் இருந்தேன் என்று வீட்டுக்கு வந்த பிறகு சுகந்தி சொன்னாள். எனக்கு நினைவில்லை.

ஏப்ரல் 8, ஞாயிறு

காலையில் தெய்வசிகாமணி வந்தார். பை இல்லை, கருவிகள் இல்லை.

"கம்பெனி வேலையா வரலீங்க," என்றார்.

சுகந்தியோடு கொஞ்ச நேரம் இருந்தார். நான் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது கேட்டருகில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, நேராகவே கேட்டார். அவர் கேட்டதை இங்கே எழுத முடியவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார். சுகந்தியும் இருக்கும் வீடு என்று தெரிந்துதான் கேட்டார்.

"சுகந்தியை வெச்சுட்டு நான் எப்படீங்க?" என்றேன். யோசிக்கவே இல்லை. இந்தப் பதில் எத்தனையோ பேரிடம் சொல்லித் தேய்ந்தது. அம்மா இருந்தபோதே சொல்லியிருக்கிறேன்.

"சரீங்க," என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

உள்ளே வந்தேன். டிவியில் ஒரு வரி ஏற்கெனவே இருந்தது. அவள் இன்னொன்றை அடித்துக்கொண்டிருந்தாள். முடியும்வரை நின்றேன்.

மறுப்பது உன் இஷ்டம்.

காரணத்தில் என் பெயரைப் போடாதே.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இருபது வருஷமாகப் போட்டிருக்கிறேன். அவளை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள், எத்தனை நிமிஷமானாலும் சரி என்கிற மாதிரி.

அவள் பெயரை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன காரணம் இருக்கிறது என்று மத்தியானத்திலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.